ட்ரில் இல்லாம லேசர்ல சொத்தைப் பல் அடைக்கிறது: கடலூர், பாண்டி பக்கம் முதல் தடவை போறவங்களுக்கு

நான் பாண்டியில ஒரு பல் கிளினிக்ல 11 வருஷமா அசிஸ்டென்ட்டா இருக்கேன், வீடு திருப்பாதிரிப்புலியூர்ல, தினமும் காலைல கடலூர் பஸ் ஸ்டாண்ட்ல பாண்டி பஸ் புடிச்சு போயிட்டு ராத்திரி வர்றேன். எங்க தெருவுல யாருக்கு பல்லு வலிச்சாலும் முதல்ல என்கிட்டதான் வருவாங்க. இந்த ரெண்டு மூணு வருஷமா எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "லேசர்ல பண்ணா வலிக்காதாமே, ட்ரில் போட மாட்டாங்களாமே, நெசமா?" நெசம்தான், ஆனா எல்லா பல்லுக்கும் இல்ல, எல்லா லேசருக்கும் இல்ல. அந்த வித்தியாசம் தெரியாம போய் பணத்தை கொடுத்துட்டு வர்றவங்கள பாத்து பாத்து மனசு கேக்காமத்தான் இதை எழுதறேன்.

பக்கத்து வீட்டு பெரியம்மா கதையையே சொல்றேன். கீழ் கடைவாய்ப்பல்லுல சொத்தை, லேசர்னு போர்டு போட்ட ஒரு இடத்துக்கு போய் அடைச்சுட்டு வந்தாங்க, பில்லுலயும் லேசர்னு தனியா ஒரு தொகை போட்டிருந்தாங்க. "எப்படி பெரியம்மா இருந்துச்சு"ன்னு கேட்டேன். "என்னம்மா, அதே கொய்ங்குனு மெஷின்தான், ஊசியும் போட்டாங்க, கடைசியில மட்டும் நீலக் கலர்ல ஒரு லைட்ட வாய்க்குள்ள காட்டினாங்க, அதான் லேசராம்"னாங்க. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அந்த நீல லைட் லேசரே இல்ல. பல் கலர்ல வைக்கிற ஃபில்லிங்க இறுக வைக்கிற எல்இடி லைட் அது, ட்ரில்லுல பண்ற சாதாரண ஃபில்லிங்குக்கும் அதைத்தான் அடிப்பாங்க, ஒரு 20 செகண்ட், அவ்ளோதான். அதனால முதல் பாடமே இதுதான்: நீல லைட்ட பாத்து லேசர்னு நம்பாதீங்க.

முதல்ல எந்த லேசர்னு கேளுங்க

போன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுடுங்க. "டாக்டர், உங்ககிட்ட இருக்கறது டையோடு லேசரா, எர்பியம் லேசரா?" இந்த ஒரு கேள்வி போதும். நம்ம ஊர்ப்பக்கம் கிளினிக்ல அதிகமா இருக்கறது டையோடு, ஒரு சின்ன டப்பா சைஸ்ல இருக்கும், 810, 940, 980 நானோமீட்டர்னு அலைநீளம் சொல்லுவாங்க. அது ரத்தத்துல இருக்கற சிவப்பையும் ஈறுல இருக்கற கருப்பு நிறமியையும்தான் புடிக்கும், அதனால ஈறு வெட்ட, கருப்பா இருக்கற ஈறை செவக்க வைக்க, ரத்தம் நிறுத்த எல்லாம் ரொம்ப நல்லா இருக்கும். பல்லை வெட்டுமான்னா வெட்டாது. பல்லு மேல வச்சா சூடு ஏறும், குழி விழாது. ஒரு கிளினிக்ல டையோடு வச்சுக்கிட்டு "எங்ககிட்ட லேசர் இருக்கு"ன்னு சொன்னா அது பொய் கிடையாது, ஆனா உங்க சொத்தைக்கு அது உதவாது.

பல்லை வெட்டற லேசர் வேற. எர்பியம் யாக்னு ஒண்ணு, 2940 நானோமீட்டர். எர்பியத்தோட குரோமியம் சேர்த்த வகை ஒண்ணு, 2780 நானோமீட்டர். 9300 நானோமீட்டர்ல வேலை செய்யற கார்பன் டை ஆக்சைடு லேசரும் இருக்கு, அதை நான் கையால தொட்டு பாத்தது இல்ல, எங்க கிளினிக்ல இருக்கறது எர்பியம் யாக்தான். மெஷின் விலையே பல லட்சம் ஆவுது, அதனாலதான் எல்லா இடத்துலயும் இருக்காது. இருக்கற இடத்துலயும் ட்ரில் ஃபில்லிங்க விட கூட காசு கேப்பாங்க, எவ்ளோ கூடன்னு முன்னாடியே கேட்டு, பில்லுல பல்லோட நம்பர் போட்டு எழுதித் தரச் சொல்லுங்க.

இது எப்படி வெட்டுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கறது நல்லது

பயம் பாதி போயிடும் அதனால சொல்றேன். ட்ரில்லுன்னு நாம சொல்றதை கிளினிக்ல ஏர்ரோட்டர்னு சொல்லுவோம், காத்து அழுத்தத்துல நிமிஷத்துக்கு 3 லட்சம், 4 லட்சம் சுத்து சுத்தும், முனையில இருக்கற பர்ங்கற சின்ன வெட்டுக் கம்பி பல்லை தேய்ச்சு எடுக்கும், அந்த கொய்ங் சத்தமும் தாடையெல்லாம் அதிர்றதும் அதனாலதான். லேசர்ல எதுவும் சுத்தறது இல்ல. பல்லுக்குள்ள தண்ணி இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, மேல இருக்கற எனாமல்ல 96 சதவீதம் தாது உப்பு போக மீதி கொஞ்சூண்டு தண்ணியும் மத்ததும், அதுக்கு கீழ இருக்கற டென்டின்ல கிட்டத்தட்ட 10 சதவீதம் தண்ணி. எர்பியம் லேசர் வெளிச்சத்தை தண்ணி அப்படியே உறிஞ்சிக்கும், உறிஞ்சின அந்த நொடியில ஆவியாகி பொரி பொரியற மாதிரி வெடிக்கும், அந்த வெடிப்புல பல்லோட துகள் பிய்ஞ்சு வெளிய வரும். சொத்தை இருக்கற எடம் சொதசொதன்னு ஈரமா இருக்கும் இல்லையா, அதனால அந்த எடம் சீக்கிரம் போயிடும், நல்ல எனாமல் அவ்ளோ சீக்கிரம் போகாது. இந்த வேலைக்கு இது வாகா இருக்கறதுக்கு காரணமே அந்த ஈரம்தான்.

இது நேத்து வந்த விஷயமும் இல்ல. முதல் லேசர் 1960ல அமெரிக்காவுல மெய்மன்ங்கறவர் மாணிக்கக் கல்லை வச்சு செஞ்சது, அஞ்சு வருஷத்துக்குள்ளயே அதை பல்லுல அடிச்சு பாத்துட்டாங்க, ஆனா சூடு தாங்கல. பல்லுக்குள்ள இருக்கற நரம்பு சூட்டை தாங்காது, 1965ல குரங்குப் பல்லுல பண்ண ஆய்வுல உள்ள 5.5 டிகிரி செல்சியஸ் கூடினதுக்கே 15 சதவீத பல்லுல நரம்பு பிழைக்கல. அப்புறம் எர்பியம் வந்து, கூடவே தண்ணி அடிச்சு குளிர வச்சுக்கிட்டே வெட்டலாம்னு ஆன பிறகுதான் 1997ல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி கொடுக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ சொத்தை எடுக்கறதுக்கு அனுமதி கொடுத்துச்சு. அதனால உங்களுக்கு பண்ணும்போது தண்ணி நிக்காம வருதான்னு நீங்களே கவனிக்கலாம், அந்த தண்ணிதான் நரம்புக்கு காவல்.

அடுத்து உங்க பல்லு இதுக்கு தோதா இருக்கான்னு பாக்கணும்

இதை நீங்களா முடிவு பண்ண முடியாது, எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். சின்னதா ஒரு எக்ஸ்ரே, சென்சாரை வாய்க்குள்ள வச்சு எடுப்பாங்க, கம்ப்யூட்டர்ல உடனே தெரியும். ஆழம் கம்மியா, எனாமல்லயும் டென்டினோட மேல் பாகத்துலயும் மட்டும் இருக்கற சொத்தைன்னா லேசருக்கு ரொம்ப தோது. கடைவாய்ப்பல் மேல கருப்பு கோடு மாதிரி தெரியறது, ஈறுக்கு பக்கத்துல பல்லு ஓரத்துல வர்றது, முன்பல்லுல வர்றது, குழந்தைங்களோட பால்பல்லு, இதெல்லாம் நான் பாத்த வரைக்கும் அருமையா வருது.

எது வராது? ஏற்கனவே வெள்ளி ஃபில்லிங் வச்சிருக்கீங்கன்னா அதை லேசர்ல எடுக்கக் கூடாது, அதுல பாதரசம் இருக்கு, சூடு பட்டா ஆவி வரும், அதுக்கு ட்ரில்தான். உலோகத் தொப்பி போட்ட பல்லும் அப்படித்தான், வெளிச்சத்தை திருப்பி அடிக்கும். ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கற சொத்தைக்கு முனை போகாம கஷ்டப்படுவாங்க. ராத்திரியில தானா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சூடா காபி குடிச்சா உயிர் போகுது, குடிச்சு முடிச்சும் வலி நிக்கலன்னா அது நரம்பு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம், அப்போ பேச்சு ரூட் கெனால் பக்கம் போயிடும், லேசர் ஃபில்லிங்னு கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க. லவங்கத்தை கடிச்சுக்கிட்டு மூணு மாசம் ஓட்டிட்டு வர்றவங்க நம்ம பக்கம் ரொம்ப ஜாஸ்தி. வலி வர்றதுக்கு முன்னாடி, கருப்பா தெரியும்போதே வந்தாங்கன்னா லேசருக்கு நிறைய பேரு தேறுவாங்க, வலி வந்துதான் வர்றாங்க, என்ன பண்றது.

ஊசி போடுவாங்களா?

நிறைய பேருக்கு தேவைப்படாது. எல்லாருக்கும் தேவைப்படாதுன்னு சொல்ல மாட்டேன். 2016ல காக்ரேன்ங்கற அமைப்பு 9 ஆய்வை, மொத்தம் 662 பேரை வச்சு அலசி பாத்ததுல, லேசர்ல பண்ணவங்களுக்கு வலி கம்மியா இருந்துச்சு, மரத்துப் போற ஊசியும் கம்மியா தேவைப்பட்டுச்சுன்னு கொஞ்சம் ஆதாரம் கெடச்சுது, ஆனா சொத்தையை எடுக்கறதுல ட்ரில்லை விட இது ஒசத்தின்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலன்னும் சொன்னாங்க. என் அனுபவமும் அதோட ஒத்துத்தான் போகுது. சின்ன சொத்தைன்னா ஊசியில்லாமலே முடிஞ்சுடும், கொஞ்சம் ஆழம் போனா சுர்ருனு கூசும், தாங்க முடியலன்னா ஊசி கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. "லேசர்னாங்க, ஊசி எதுக்கு"ன்னு வீம்புக்கு பல்லை கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா உடம்பு விறைச்சுக்கும், டாக்டருக்கும் வேலை ஓடாது.

சேர்ல உக்காந்ததுக்கு அப்புறம்

பொதுவா எங்க கிளினிக்ல நடக்கறதை சொல்றேன். முதல்ல கண்ணுக்கு கண்ணாடி. இது கட்டாயம், விட்டுக்கொடுக்கவே கூடாது. உங்களுக்கு, டாக்டருக்கு, எனக்கு, கூட வந்து நிக்கற அம்மாவுக்கு, ரூம்ல இருக்கற எல்லாருக்கும். வெயிலுக்கு போடற கண்ணாடி இல்ல, அந்த லேசரோட அலைநீளத்துக்குன்னே செஞ்ச கண்ணாடி, ஓரத்துல நம்பர் அச்சடிச்சிருக்கும், எர்பியம் யாக்னா 2940ங்கறது அதுக்குள்ள அடங்கணும். டையோடு கண்ணாடியை மாத்திக் கொடுத்துட்டா பாதுகாப்பு கிடையாது. கண்ணாடி தரலன்னா வாயைத் திறக்காதீங்க, கேளுங்க. ரூம் கதவும் சாத்தியிருக்கணும், நடுவுல யாரும் உள்ள வரக் கூடாது.

அப்புறம் இடது கையை தூக்கினா நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட பேசி வச்சுக்கோங்க. வாய் திறந்திருக்கும்போது பேச முடியாது இல்ல, அந்த கைதான் உங்க பேச்சு.

போன மழைக்காலத்துல நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு ஒன்பது வயசு பையன் வந்தான். அவன் உள்ள வர்றதுக்கு முன்னாடி பக்கத்து ரூம்ல வேற ஒருத்தருக்கு ஏர்ரோட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்த சத்தத்தை கேட்டதும் அம்மாவோட புடவையை புடிச்சுக்கிட்டு சேர்லயே ஏற மாட்டேன்னுட்டான். நான் லேசர் முனையை அவன் கட்டைவிரல் நகத்துக்கு எதிர்ல காட்டி, வெறும் தண்ணியும் காத்தும் மட்டும் விட்டு காட்டினேன், சில்லுனு பட்டதும் சிரிச்சான். டாக்டர் முதல்ல பவரை ரொம்ப கம்மியா வச்சு, முனையை பல்லுல இருந்து தள்ளிப் புடிச்சு ஒரு நிமிஷம் போல சும்மா சுத்தி சுத்தி காட்டினார், அப்புறம் மெல்ல மெல்ல கிட்ட வந்து பவரை ஏத்தினார். டப் டப் டப்புனு சத்தம், கடுகு தாளிக்கற மாதிரி, சிவப்பா ஒரு புள்ளி வெளிச்சம் பல்லு மேல ஓடுது, நான் சக்ஷனை புடிச்சு தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கேன். முனை பல்லை தொடவே தொடாது, ஒரு மில்லிமீட்டர் போல தள்ளியே நிக்கும், கோலத்துக்கு செம்மண் பூசற மாதிரி மேலயும் கீழயும் ஓட்டுவாங்க, ஒரே எடத்துல நிறுத்த மாட்டாங்க. லேசா ஒரு வாடை வரும், பயப்படாதீங்க. நடுநடுவுல நிறுத்திட்டு கொக்கி மாதிரி ஒரு கம்பியால குத்திப் பாத்தார், மெத்துனு இருந்தா இன்னும் சொத்தை இருக்கு, கடகடன்னு கல்லு மாதிரி இருந்தா போதும்னு அர்த்தம். லேசர்ல டாக்டரோட கைக்கு ட்ரில்லுல தெரியற அந்த தொடு உணர்ச்சி கெடைக்காது, அதனால இந்த கம்பி சோதனை ரொம்ப முக்கியம், நல்ல டாக்டர் அதை நாலஞ்சு தடவையாவது பண்ணுவார். பையன் கையை தூக்கினது ஒரே ஒரு தடவை, அதுவும் எச்சில் முழுங்கறதுக்கு.

நேரம் கூட ஆகும்னு தெரிஞ்சுட்டு வாங்க. ட்ரில்லுல அஞ்சு நிமிஷத்துல முடியற குழிக்கு லேசர்ல ரெண்டு பங்கு, சில சமயம் அதுக்கும் மேல, எனாமல் கெட்டியா இருந்தா இன்னும் கூட. திரும்பற பஸ்ஸை கணக்கு பண்ணி அவசரப்பட்டு வராதீங்க, பாதி நாள் ஒதுக்கிட்டு வாங்க. இன்னொண்ணு, லேசர்னு ஆரம்பிச்சாலும் ஓரத்தை சீர் பண்ண கடைசியில கொஞ்ச நேரம் ட்ரில் தொட வேண்டி வரலாம், அதை ஏமாத்தறாங்கன்னு நினைக்க வேண்டாம். முன்னாடியே "எவ்ளோ லேசர், எவ்ளோ ட்ரில் டாக்டர்"னு கேட்டுட்டா மனசுல சந்தேகம் வராது.

குழி ரெடியானதும் மீதி எல்லாம் சாதாரண ஃபில்லிங் மாதிரியேதான். லேசர் குழியை மட்டும்தான் தயார் பண்ணும், அடைக்காது. ஒரு நீலக் கலர் ஆசிட் ஜெல்லை கொஞ்ச நேரம் தடவி கழுவி, ஒட்டற மருந்து தடவி, பல் கலர் காம்போசிட்டை அடுக்கடுக்கா வச்சு ஒவ்வொரு அடுக்குக்கும் அந்த நீல லைட். லேசர் அடிச்ச பல்லு சொரசொரப்பா இருக்கும், அதனால ஆசிட் வேணாம்னு சிலர் சொல்லுவாங்க, எங்க டாக்டர் விடாம போடறார், அதுதான் புடிச்சு நிக்கும்ங்கறார். கடைசியா கலர் பேப்பரை கடிக்க சொல்லுவாங்க, எங்கயாவது தூக்கலா இருந்தா அப்பவே சொல்லிடுங்க, கூச்சப்பட்டு சொல்லாம வந்துட்டு வீட்டுல ரெண்டு நாள் தாடை வலியோட கெடக்காதீங்க.

வீட்டுக்கு வந்த பிறகு காம்போசிட்னா உடனே சாப்பிடலாம், ஊசி போட்டிருந்தா மட்டும் மரப்பு போற வரைக்கும் பொறுங்க, இல்லன்னா உதட்டை கடிச்சுப்பீங்க, குழந்தைங்கள ரொம்ப கவனிக்கணும். கண்ணாடி அயனோமர்னு சிமெண்ட் மாதிரி வச்சிருந்தா ஒரு நாள் அந்தப் பக்கம் கடலை மிட்டாய், முறுக்கு வேணாம். ரெண்டு மூணு நாள் சில்லுனு தண்ணி பட்டா கூசும், அது சரியாயிடும், தானா தெறிக்க ஆரம்பிச்சா திரும்பி போங்க.

லேசர் கெடைக்கலன்னா, கட்டுப்படி ஆகலன்னா

மனசை விட்டுடாதீங்க, நல்ல கையில ட்ரில் ஃபில்லிங்கும் ரொம்ப வருஷம் நிக்கும். சிதம்பரத்துக்கு பக்கத்துல அண்ணாமலைநகர்ல முன்னாடி ராஜா முத்தையான்னு பேர் இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, பாண்டியில கோரிமேடு பக்கம் அரசு மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கு, கல்லூரி ஆஸ்பத்திரியில செலவு கம்மி, காத்திருக்கணும். அங்க போயும் லேசர் பத்தி அதே கேள்வியை கேக்கலாம். ட்ரில் சத்தத்துக்கு பயப்படற சின்னப் பசங்களுக்கு வேற வழியும் இருக்கு, சின்ன கரண்டி மாதிரி கருவியால சொத்தையை சுரண்டி எடுத்துட்டு கண்ணாடி அயனோமர் வைக்கறது ஒண்ணு, சில்வர் டையமின் ஃப்ளோரைடுன்னு ஒரு சொட்டு மருந்தை தடவி சொத்தையை அப்படியே நிறுத்தறது ஒண்ணு. ரெண்டாவதுல சொத்தை எடம் கருப்பாயிடும், பால்பல்லுதானே விழப்போகுதுன்னு நிறைய அம்மாக்கள் ஒத்துக்கறாங்க, முன்பல்லுன்னா யோசிங்க.

மறுபடி அந்த பெரியம்மா. போன மாசம் மேல் பல்லுல ஓரமா ஒரு சின்ன கருப்பு, வலி எதுவும் இல்ல, இந்த தடவை போர்டை பாத்து போகாம என்கூடவே ஏழு மணி பஸ்ல வந்தாங்க. எக்ஸ்ரே எடுத்து, சின்னதுதான்னு டாக்டர் சொல்லி, எர்பியம்ல பண்ணார், ஊசி போடல, மொத்தம் இருபது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கண்ணாடியை மாட்டி விடும்போது ஓரத்துல இருந்த 2940ஐ விரலால தொட்டு "இதானே நீ சொன்ன நம்பரு"ன்னு கேட்டாங்க. மூணாவது நாள் வீட்டுக்கு போய் பாத்தேன், தண்ணி பட்டா லேசா கூசுதுன்னாங்க, ஒரு வாரத்துல அதுவும் நின்னுடுச்சு. அந்த பழைய கீழ் பல்லை அடுத்த ஆறு மாச செக்கப்புல எக்ஸ்ரே எடுத்து பாக்கணும்னு காலண்டர்ல நானே வட்டம் போட்டுட்டு வந்திருக்கேன்.